கடைசிவரை ஓடவிட்டுப் பார்ப்பது

ஜனவரி 11

மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. அதிலிருந்த கரி பாதி மேசையிலும், கொஞ்சம் என் மூக்கிலும், மிச்சம் பொட்டலத்திலும் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் கடைசியாகப் பேசியது எப்படி முடிந்தது என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். “உங்க ஈயமும் ஆசிட்டும்தான் அக்கா நெஞ்சைத் தின்னுது”ன்னு நீ சொன்னாய். “அப்படின்னா வாசல் அந்தப் பக்கம்”னு நான் சொன்னேன். இனிமேல் போனை எடுத்தால் யார் முதலில் ஹலோ சொல்வது என்பதிலேயே அடுத்த சண்டை ஆரம்பித்துவிடும். தவிர உங்கக்கா காது இருக்கிறதே, நுரையீரலில் போன பலமெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளைப் பற்றி அவள் இருக்கும் வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாது. காகிதம் என்றால் சத்தம் போடாது.

நிலைமை இதுதான். டாக்டர் கொடுத்த ஆக்ஸிஜன் மெஷின் ராப்பகலாக ஓடுகிறது. கரண்ட் இருந்தால் சுவரிலிருந்து, இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து. கரண்டோ, பிடிக்காத சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி வந்த காலோடு கிளம்பிவிடுகிறது. அதற்குள் பேட்டரி பாதிகூட நிறைவதில்லை. பாதி வயிற்றோடே திரும்பத் திரும்ப வேலை வாங்கினால் பிளேட்டில் வெள்ளையாக உப்பு பூத்து, இறுகி, கொஞ்ச நாளில் பேட்டரி கல்லாகிவிடும். இருபத்தாறு வருஷமாக பேட்டரி கட்டுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் தெரிந்து என்ன ஆயிற்று? ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவன் வீட்டில் ஒரு பேட்டரி நிலைக்கவில்லை. எதிர்க்கடைக்காரன் சிரிக்கிறான். அவன் இடத்தில் இருந்தால் நான் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

இதனால்தான் உங்கக்கா என்னைக் கேட்காமல் உனக்குப் போன் போட்டு, “நீ வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ற கரியில கொஞ்சம் அனுப்புடா”ன்னு சொல்லியிருக்கிறாள்.

நேற்று உன் கரியை ஈயப்பொடியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கிளறினேன். தண்ணீரில் எருமை மாதிரி மிதந்தது. குச்சியால் அமுக்கினால் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கோபத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அதற்கப்புறம் என் முகத்தில் பல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை. உங்கக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

“மூச்சே அளந்துதான் வருது. இதுல உங்க மூஞ்சியைப் பாத்து வேற சிரிக்கணுமா?” என்றாள்.

எப்படிக் கலப்பது என்று எழுது. மரியாதையாகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஈயத்தின் மொத்த வியாபாரி, உன் அத்தான்

*

ஜனவரி 20

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பழைய பேச்சை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். அன்று சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. இப்போது அதற்கு நேரமும் இல்லை.

பொட்டலத்தின் அடியில் ஒரு குப்பி இருந்தது. பார்க்காமல் எறிந்திருப்பீர்கள். இதோடு இன்னொன்று அனுப்புகிறேன். இது அடுப்புக்கரி இல்லை. தலைமுடியை நீளவாக்கில் பல ஆயிரம் இழையாகக் கிழிக்க முடிந்தால் அதில் ஓர் இழை எவ்வளவு பருமன் இருக்குமோ, அவ்வளவு மெல்லிய கரிக்குழாய்கள். அவை தண்ணீரோடு சேராது, தங்களுக்குள் கட்டிப்பிடித்துக் கிடக்கும். குப்பியில் உள்ள திரவத்தை டிஸ்டில்டு வாட்டரில் விட்டு, அதில் கரியை ஊறவைத்து, கட்டியில்லாமல் மை மாதிரி ஆகும்வரை கலக்குங்கள். அதன் பிறகுதான் ஈயப்பொடி. நெகட்டிவ் பிளேட்டுக்கு மட்டும். நூறு பங்குக்கு அரைப்பங்குகூட வேண்டாம். அதிகம் போட்டால் அதிகம் நல்லது என்பது உங்கள் வாழ்க்கைக் கொள்கை என்று எனக்குத் தெரியும். இதில் மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள்.

உப்பு உறைகிற இடத்தில் இந்த இழைகள் ஊடே ஓடி மின்சாரத்துக்கு வழி வைத்திருக்கும். கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்துக்குள் பேட்டரி வேகமாக வாங்கிக்கொள்ளும். வெள்ளை பூப்பது குறையும்.

தண்ணீர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குறையும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்து ஊற்றுங்கள்.

எனக்காக ஒன்று செய்ய வேண்டும். பேட்டரி நிறைந்த பிறகு ஒரு தடவை, கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் தாங்கியது என்று எழுதுங்கள். லேபில் செய்த கணக்கு அலமாரி நிறைய இருக்கிறது. ஒரு நிஜ வீட்டில், நிஜமான கரண்ட் கட்டில் ஓடிய கணக்கு ஒன்றுகூட இல்லை.

அக்கா சாப்பிடுகிறாளா? சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறாளா? என்னிடம் “நல்லாருக்கேன்டா”வுக்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.

*

பிப்ரவரி 14

கரி டாக்டருக்கு,

பலித்துவிட்டது!

உன் கரி மையாகி, மை பேஸ்ட்டாகி, பேஸ்ட் பிளேட்டாகி, பிளேட் பேட்டரியாகி, ஒரு வாரமாக வேலை செய்கிறது. கரண்ட் வந்ததும் அது வாங்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்காரன் தோற்றான். முன்பெல்லாம் கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் சார்ஜ் காட்டுகிற கோடு பாதிகூட ஏறியிருக்காது. இப்போது எல்லாக் கோடும் நிற்கிறது. நடுவில் ஒரு செல்லின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளேட் கருகருவென்று சுத்தமாக இருக்கிறது. பக்கத்துத் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல என்னண்ணே தெரியணும்?”னு கேட்டார். “தெரியக்கூடாதுங்கறதுதான் விசேஷம்” என்றேன். மனுஷன் அன்றிலிருந்து என்னைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறார்.

சார்ஜ் ஏறும்போது உள்ளே சளசளவென்று ஒரு சத்தம் வருகிறது. உங்கக்கா அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறாள். “குழந்தை பால் குடிக்கிற மாதிரியே இருக்குங்க” என்றாள். எங்களுக்கு அந்தச் சத்தம் எங்கே தெரியும்? இருந்தாலும் நானும் ஆமாம் என்றேன்.

கடைசிவரை ஓடவிடச் சொன்னாயே, அதை மட்டும் கேட்காதே. பேட்டரி தீரப்போகிற நேரத்தில் இன்வெர்ட்டர் ஒரு கத்துக் கத்தும். லேபில் நீ அதைக் கேட்டால் பேனாவை எடுப்பாய். இங்கே அந்தச் சத்தம் வந்தால் நான் எழுவதற்கு முன்னால் என் கால் எழுந்துவிடும். மாற்றுக்கு வைத்திருக்கும் பழைய பேட்டரியின் வயரைத் தூக்கி மாட்டும்வரை அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் கை நடுங்கும், வயர் மாறிவிடும். மாட்டிவிட்டுத்தான் திரும்புவேன். அவளும் ஒன்றும் நடக்காத மாதிரி, “என்ன, ஓட்டப்பந்தயமா?” என்பாள்.

அந்தப் பழைய பேட்டரியை நம்பி இதை நான் காலி பண்ண முடியாது. காலியானதை நிறைக்கக் கரண்ட் வர வேண்டும். இன்னொரு பொட்டலம் அனுப்பு. இரண்டாவது ஒன்று கட்டிவிட்டால் இதை உன் இஷ்டத்துக்கு ஓடவிடுகிறேன்.

இருமல்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. காற்று மாறுகிறது அல்லவா.

இப்படிக்கு,
கருத்த முகமும் வெளுத்த மனமும் கொண்ட அத்தான்

*

மார்ச் 2

அத்தானுக்கு,

சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு அந்தக் கணக்கு வேண்டும். மெஷினோடு சேர்த்து ஓடவிட வேண்டாம். அக்காவைப் பழைய பேட்டரியில் வைத்துவிட்டு, புதியதில் இரண்டு மூன்று பல்புகளை மாட்டி அணையும்வரை விடுங்கள். ஒரு பகல் போதும். ஒரே ஒரு பகல். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

இன்னொரு பொட்டலம் உடனே கஷ்டம். பார்க்கிறேன்.

இருமல் பருவம் மாறும்போது கூடும். டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. செல்லின் மட்டம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் போனில் படம் எடுத்தால் உங்கள் கட்டைவிரல்தான் விழும். அக்காவை எடுக்கச் சொல்லுங்கள்.

*

மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

தண்ணீரா? குடிகாரன் மாதிரி குடிக்கிறது. ஊற்றி மூடிவிட்டுக் கை கழுவி வருவதற்குள் காலியாகிவிடுகிறதோ என்று சந்தேகம். டிஸ்டில்டு வாட்டர் கேனைச் சுமந்து சுமந்து என் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தையல்காரர் அளவு எடுத்து, “இனிமே உங்க சட்டைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு அளவுண்ணே” என்கிறார்.

இதற்கு மேல் ஜோக் வரவில்லை.

இருமல் நிற்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மெஷினில் அளவைக் கூட்டி வைத்தார். போன மாதம் கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தவள் இப்போது கட்டிலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போவதையே பிரயாணம் என்கிறாள். “நோய் அடுத்த படிக்குப் போகுது” என்று டாக்டர் சொன்னார். படி என்றால் மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேட்க நினைத்தேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், உன் மனசு நிறையட்டும். உன் பேட்டரி ஒரு நாளும் கைவிடவில்லை. இந்த ஒரு மாதத்தில் இன்வெர்ட்டர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவள் இருமுகிறாள், அது பாட்டுக்குச் சளசளவென்று ஓடுகிறது. அந்தச் சத்தம் இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஓடவிடுவது முடியாது. அளவு கூட்டிய பிறகு பழைய பேட்டரி கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. உனக்கு எதற்கு அவ்வளவு அவசரம்?

படம் உங்கக்கா எடுத்துவிட்டாள். அவளே அனுப்புகிறாளாம்.

*

மார்ச் 19

அத்தான்,

படம் வந்தது.

தண்ணீர் மட்டம் தெரிந்தது. அதோடு ஒரு கட்டில் காலும் தெரிந்தது. கட்டிலிலிருந்து தொங்குகிற ஒரு பாதமும் தெரிந்தது. பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாவது விரல் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு.

பேட்டரி அக்கா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

கட்டில் காலைக் குனிந்து பாருங்கள். பேட்டரி பக்கம் மட்டும் பெயின்ட் உரிந்து துருவேறியிருக்கிறது. மற்ற பக்கம் பளபளப்பாக இருக்கிறது. இரும்பைத் தின்கிற ஒன்று அந்த அறைக் காற்றில் இருக்கிறது, அத்தான். சளசளவென்று வந்தது பால் குடிக்கிற சத்தமில்லை. தண்ணீர் பிரிந்து வாயுவாகி, ஆசிட்டைத் துளித்துளியாகத் தூக்கிக்கொண்டு மேலே வருகிற சத்தம். கரி சேர்த்த பேட்டரியில் அது அதிகம். மேலே இருப்பது என் அக்காவின் தலையணை. போதாததற்கு பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் ஒரு பக்கம், மெஷினிலிருந்து ஆக்ஸிஜன் ஒரு பக்கம். வயரை நீங்கள் மாட்டுகிறபோது ஒரு பொறி பறந்திருந்தால் எனக்குப் பதில் எழுத நீங்களே இருந்திருக்க மாட்டீர்கள்.

இத்தனை வருஷம் பேட்டரி கட்டியவர் நீங்கள். படுக்கையறையில் சார்ஜ் போடக்கூடாது என்று உங்கள் கடைச் சுவரிலேயே எழுதி வைத்திருப்பவர் நீங்கள்.

அந்த வீட்டில் நாலு அறை இருக்கிறது. பின்பக்கம் வராந்தா இருக்கிறது. ஏன் கட்டிலுக்கு அடியில்?

தையல்காரர் எப்படிப் பக்கத்தில் வந்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அவர் கடை உங்கள் கடைக்குத்தானே பக்கம்?

உடனே அதை வெளியே எடுங்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன். உங்களிடம் பேச மாட்டேன்.

*

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

வெளியே எடுத்துவிட்டேன். உன் போன் வந்த அன்றே. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தகரத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அங்கிருந்து கட்டில் வரை தடித்த வயர் இழுத்தேன். கொஞ்சம் சக்தி வயரிலேயே வீணாகிறது. போகட்டும்.

நாலு அறை வீடு போன வருஷமே கைமாறிவிட்டது. கடைக்குப் பின்னால் பிளேட் காயவைக்கிற அறையைக் கழுவி, வெள்ளையடித்து, அதில்தான் இருக்கிறோம். ஒரே அறை. கட்டில் போட்டால் நடக்க இடமில்லை, நடந்தால் கட்டில் போட இடமில்லை. பேட்டரியை எங்கே வைப்பேன்? தவிர, கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது நின்றால் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஈயமும் ஆசிட்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். அதற்கப்புறம், “உங்கக்காவை ஈயப் பட்டறைக்குள்ளேயே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறேன், பார்” என்று நான் எப்படி எழுதுவேன்? அவளையும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். வாயால் சொல்லவில்லை அவள். கட்டில் கால் தெரியாமல் படம் எடுக்கத் தெரியாதவளா அவள்? சத்தியத்தையும் காப்பாற்றிக்கொண்டாள், என்னையும் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

துருவை நான் பார்த்தேன். பழைய கட்டில்தானே என்று நினைத்தேன். ஆசிட் வாடையும் வந்தது. என் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அந்த வாடையிலேயே மூக்கு செத்துப்போன ஆள் நான். சாதாரண பேட்டரி அந்த அறையில் ஒரு வருஷம் இருந்தது, இவ்வளவு ஆகவில்லை. உன் கரி போட்ட பிறகுதான் சளசள.

நான் முட்டாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். தண்ணீர் சீக்கிரம் குறையும் என்று எழுதியிருக்கிறாய். குறைகிற தண்ணீர் எங்கே போகிறது என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, மாப்பிள்ளை?

*

ஏப்ரல் 3

அத்தானுக்கு,

எழுதினேன். எழுதி அடித்துவிட்டேன்.

“வாயுவும் ஆசிட் ஆவியும் வரும், அக்கா இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்” என்று ஜனவரியில் ஒரு வரி எழுதினேன். ஆசிட் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நீங்கள் பழைய சண்டையை நான் மறுபடி கிளறுகிறேன் என்று நினைப்பீர்கள், கோபத்தில் பொட்டலத்தையே குப்பையில் போடுவீர்கள் என்று தோன்றியது. பின்பக்க வராந்தாவில்தானே வைப்பார் என்றும் தோன்றியது. வேறு காகிதம் எடுத்து, தண்ணீர் குறையும் என்று மட்டும் எழுதினேன்.

நீங்கள் இடத்தை மறைத்தீர்கள், நான் ஆவியை மறைத்தேன். இரண்டும் ஒரே சண்டைக்காக. நான் அன்று அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டையும் யாரும் மறைத்திருக்க வேண்டியதில்லை.

“சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறாள்” என்று பிப்ரவரியிலேயே எழுதியிருந்தீர்கள். படுக்கையிலிருந்து கேட்கிறதென்றால் பேட்டரி எவ்வளவு கிட்டத்தில் இருக்க வேண்டும்! வேறு யார் எழுதியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். உங்கள் கடிதத்தில் அந்த இடம் வந்தபோது என் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு தாண்டிப் போய்விட்டேன். அடுத்த பாராவில் ஓடவிட மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். என் கவனம் முழுக்க அதில் போய்விட்டது.

அந்தக் கணக்கை ஏன் அவசரப்படுத்தினேன் என்று கேட்டீர்கள். மார்ச் முடிவில் எங்கள் வேலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மேலே முடிவு செய்தார்கள். “ஈயம் முடிஞ்சுபோன கதை, அதுக்குக் கரி பூசினா மட்டும் எழுந்திருக்குமா?” என்று எங்கள் லேப் பெரியவர் கேட்டார். ஒரு நிஜ வீட்டுக் கணக்கு கையில் இருந்தால் பேசியிருப்பேன். இப்போது எங்கள் அறையில் லித்தியம் பேட்டரிக்காரர்கள் இருக்கிறார்கள். கரி செய்கிற உலையை அணைத்துவிட்டார்கள். உங்களுக்கு அனுப்பியது குடுவையின் அடியிலிருந்து சுரண்டிய கடைசிக் கரி. இரண்டாவது பொட்டலம் என்று ஒன்று எப்போதுமே இல்லை.

அக்கா எப்படி இருக்கிறாள்? இருமல் குறைந்ததா? நிஜத்தை எழுதுங்கள். இனிமேலாவது நாம் நிஜத்தை எழுதிக்கொள்வோம்.

*

ஏப்ரல் 10

மாப்பிள்ளைக்கு,

நிஜம் இதுதான். பேட்டரியை வெளியே எடுத்த பிறகு இருமல் பாதியாகக் குறைந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. குறைந்தது என்றால் அதுவரை கூடியிருந்தது எதனால் என்று ஆகிவிடுகிறதே. ஆனால் மூச்சு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “நாங்கதான் காரணமா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த நோய் தானாவே இப்படித்தான் இறங்கும்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படித் தூங்குவான்?

உன் கடிதத்தை உங்கக்காவிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

“ரெண்டு பேரும் யார் பெரிய பாவின்னு போட்டி போடாதீங்க. எனக்குப் பரிசு கொடுக்கத் தெம்பில்ல.”

“அப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“அவனுக்கு எழுதுங்க. கரி வேண்டாம், ஆளா வரச் சொல்லுங்க.”

வாய்விட்டு இவ்வளவு பேசியதற்கு மறுநாள் வரை மூச்சு வாங்கினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். என் பங்குக்கு ஒரு வார்த்தை: வாசல் அந்தப் பக்கம் என்று சொன்னேனே, வாசல் வழியாக உள்ளேயும் வரலாம். குனிந்து வா, பட்டறைக் கதவு தாழ்வு.

*

ஏப்ரல் 16

அத்தானுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதமும் நானும் ஒரே ரயிலில் வந்தாலும் வருவோம். அக்காவிடம் சொல்லுங்கள்.

*

மே 6

மாப்பிள்ளைக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லப் போன் செய்தாய். நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கேட்க ஆளில்லை. ஆனாலும் போனில் எனக்கு வார்த்தை வரவில்லை. காகிதத்துக்கே பழகிவிட்டேன்.

அந்த மத்தியானத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கரண்ட் இருந்தது, நீயும் பார்த்தாய். பேட்டரி நிறைந்து எல்லாக் கோடும் நின்றது. மெஷின் ஓடியது, மின்விசிறி ஓடியது. நீ ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாளாக எதெல்லாம் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து செத்தேனோ, அதில் ஒன்றும் நிற்கவில்லை. அவள் மூச்சு மட்டும் நின்றுவிட்டது. பழி போட ஏதாவது அகப்படுமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நீயும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் இன்றைக்கு ஒரு வேலை செய்தேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. உன் அலமாரியையே காலி பண்ணிவிட்டார்கள், அந்தக் கணக்கை வைத்து இனி உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும். இருந்தாலும் அதைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். காலையில் எழுந்து குளித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் கட்டிலுக்கு எதிரே மாற்றி மாட்டினேன். கரண்ட் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அது போகவில்லை! இரண்டு வருஷம் நிமிஷத்துக்கு நிமிஷம் கழுத்தறுத்த கரண்ட், இன்றைக்குச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மெயினை நானே அணைத்தேன்.

மெஷின் பேட்டரிக்கு மாறியது. குழாயைத் தலையணை மேல் வைத்தேன். அதிலிருந்து வந்த காற்றில் உறையின் பிரிந்த நூல் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“யாருக்குண்ணே ஓடுது?”

“மச்சினனுக்கு.”

அவர் போய், ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நன்றாகத்தான் ஓடியது, மாப்பிள்ளை. டீ ஆறி ஏடு படிந்தது. வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்து, கட்டிலைத் தாண்டி, சுவரில் ஏறியது. அதற்கும் ஓடியது. நான் கட்டிய பேட்டரி எதுவும் இவ்வளவு நேரம் தாங்கியதில்லை. உன் பெரியவரைக் கூட்டிவந்து அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் இன்வெர்ட்டர் கத்தியது.

கத்தினால் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அணைகிற நேரத்தைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மனசுக்குள் பலமுறை சொல்லி வைத்திருந்தேன். ஆனால் சத்தம் வந்ததுதான் தெரியும். டீ டம்ளர் உருண்டது. செருப்பில்லாமல் கழுவுகிற இடத்துக்கு ஓடி, கரி பேட்டரியின் வயரைக் கழற்றி, பழையதைத் தூக்கி மாட்டிவிட்டேன். கை நடுங்கக்கூடாதே என்று கட்டில் பக்கம் பார்க்கவே இல்லை. மாட்டி முடித்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன்.

ஓட்டப்பந்தயமா என்று யாரும் கேட்கவில்லை.

கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்தது என்றும் தெரியாது. ரீடிங் கெட்டுப்போயிற்று, மாப்பிள்ளை. அந்த ஒன்றையும் உனக்கு ஒழுங்காக எடுத்துத்தர முடியவில்லை.

இதை எழுதும்போது மெஷின் பழைய பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் ஆடுகிறது. அணைக்கப் போனேன், கை வரவில்லை. அது ரொம்ப நேரம் தாங்காது, சீக்கிரம் கத்தும். நான் இங்கே இருந்தால் மறுபடி எழுந்து ஓடுவேன். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்புகிறேன். தபால் பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. நான் சுற்றுவழியாகப் போகிறேன்.

உன்,
அத்தான்